கேந்திரிய வித்யாலயத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

தை பிறந்துவிட்டால், அலிப்பூர், கிதிர்ப்பூர், கார்டன் ரீச் ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு ஆறு வயது நிறையப் போகிறது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஊரில் இருந்தால் தாத்தா கைப்பிடித்து அழைத்துச் சென்று பக்கத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார். இங்கோ தெருவில் வங்காளி, கடைவீதியில் இந்தி, வீட்டில் தமிழ். இந்நிலையில் பெற்றோர் பலருடைய உள்ளம் முதலில் நாடுவது கேந்திரிய வித்யாலயத்தையே.

ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகின்ற எனக்குப் படிவங்களும் சான்றிதழ்களும் நாள்தோறும் கையில் புரளும் பொருள்கள். ஆதலால், சங்கத்து அன்பர் பலர் இது குறித்து என்னிடம் வினவுவதுண்டு. ஆண்டுதோறும் கேட்கப்படும் அவ்வினாக்களைத் தொகுத்து, விடைகளோடு ஈண்டுத் தருகிறேன். இவற்றுள் முதன்மையானது ஒன்றுண்டு. "அது சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய பள்ளி, நமக்கு அங்கே என்ன வேலை?" என்று கார் ஓட்டும் அன்பரும், சமையல் தொழில் புரியும் அன்பரும் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. மறுபாதியை அறியாமையால், சட்டம் அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்த இடங்களைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர்.

இப்பள்ளிகள் எதற்காகத் தோன்றின?

மத்திய அரசின் ஊழியர் ஓர் ஊரில் நிலைத்திருப்பதில்லை. இன்று சென்னை, மூன்றாண்டு கழித்துக் கல்கத்தா, அப்பால் நாகபுரி என்று மாற்றல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றலிலும் பிள்ளைக்குப் பாடத்திட்டமும் பயிற்று மொழியும் மாறினால் அதன் கல்வி என்னாவது? இக்குறையைப் போக்க இரண்டாவது ஊதியக் குழு செய்த பரிந்துரையின் பேரில், 1962ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1963-64ஆம் கல்வியாண்டில், படையினர் மிகுதியாக வாழ்ந்த இடங்களில் இருந்த 20 பள்ளிகள் மத்தியப் பள்ளிகளாக ஏற்கப்பட்டன. 1965 டிசம்பர் 15 அன்று கேந்திரிய வித்யாலய சங்கதன் என்னும் அமைப்பு பதிவு செய்யப்பெற்றது. இன்று நாடெங்கும் 1,200க்கு மேற்பட்ட பள்ளிகள் உள்ளன. காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் ஆகிய அயல் நகரங்களிலும் ஒவ்வொன்று நடைபெறுகிறது. அலிப்பூரிலேயே கமாண்ட் மருத்துவமனையை ஒட்டி ஒன்று இருப்பதை அன்பர்கள் அறிவர். வில்லியம் கோட்டை, பாலிகஞ்ச் ஆகிய இடங்களிலும் உண்டு.

அமெரிக்காவில் உறவினரை உடைய அன்பர்கள் "சார்ட்டர் பள்ளி" என்ற பெயரைக் கேள்வியுற்றிருக்கலாம். 1991ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலம் முதன்முதலாக அதற்கெனச் சட்டம் இயற்றிற்று; மறு ஆண்டே முதற்பள்ளி திறக்கப்பட்டது. பொதுப் பணத்தில் நடைபெறுவது, தனி நிருவாகம் உடையது, கல்விக் கட்டணம் வாங்காதது, இடங்களுக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்ப்பது என்பன அதன் இயல்புகள். நம் கேந்திரிய வித்யாலயம் அதுவே என்று கூற இயலாது. பணிவகை முன்னுரிமை போன்றவை இங்கே உண்டு. ஆயினும் அங்குள்ள தாய்மார் கேட்பனவும் இங்குள்ள தாய்மார் கேட்பனவும் பெரும்பாலும் ஒன்றே. செலவு உண்டா? தேர்வு உண்டா? குலுக்கலில் பெயர் வராவிடில் என் செய்வது?

யார் யாருக்கு முன்னுரிமை?

பொதுவான வரிசை ஐந்து பிரிவுகளை உடையது. மத்திய அரசு ஊழியர், முன்னாள் படையினர் ஆகியோரின் மக்கள் முதற் பிரிவினர். மத்திய அரசின் தன்னாட்சி நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர் மக்கள் இரண்டாம் பிரிவினர். மாநில அரசு ஊழியர் மூன்றாம் பிரிவிலும், மாநிலத்தின் தன்னாட்சி, பொதுத்துறை நிறுவன ஊழியர் நான்காம் பிரிவிலும் வருவர். ஏனைய அனைவரும் ஐந்தாம் பிரிவினர். ரயில்வே ஊழியர் முதற் பிரிவில் அடங்குவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரே பிரிவுக்குள் பலர் போட்டியிட்டால், கடந்த ஏழாண்டுகளில் பெற்றோர் பெற்ற மாற்றல்களின் எண்ணிக்கை நோக்கப்படும். இங்கே நம் ரயில்வே அன்பர் பலர் மயங்குவதுண்டு. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு மேசை மாறுவதெல்லாம் மாற்றல் ஆகாது. இரண்டு இடங்களுக்கும் இடையே குறைந்தது 20 கிலோமீட்டர் தொலைவு இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் குறைந்தது ஆறு மாதம் பணிபுரிந்திருத்தலும் வேண்டும். கார்டன் ரீச்சிலிருந்து கரக்பூர் சென்றால் கணக்கில் சேரும். கார்டன் ரீச்சிலிருந்து ஹவுரா சென்றால் சேராது.

உத்தியோகம் இல்லாதவர் பிள்ளைக்கு வழி உண்டா?

உண்டு. இதுவே நான் முதலிற் குறித்த மறுபாதி. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கேந்திரிய வித்யாலயங்களையும் அச்சட்டம் பெயர் சுட்டியே தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி, முதல் வகுப்பின் இடங்களில் 25 விழுக்காடு, அண்மையில் வசிக்கும் நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு உரியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வசதி மிக்கோர் நீங்கலான பிற பிற்படுத்தப்பட்டோர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர், பொருளாதாரத்தில் நலிந்தோர், உடற்குறை உடைய குழந்தைகள் ஆகியோர் இதில் அடங்குவர். தந்தையார் எங்கே வேலை செய்கிறார் என்ற வினாவே இந்த இடங்களுக்கு எழுவதில்லை. தகுதியுடைய விண்ணப்பங்களுக்கிடையே குலுக்கல் நடைபெறும், அவ்வளவே.

ஐந்தாம் பிரிவில் நின்று பொது இடத்துக்குக் காத்திருப்பவருக்கு, முன்னால் உள்ள நான்கு பிரிவினரும் போக எஞ்சுவது மிகச் சிறிதாகவே இருக்கும். அதே குடும்பம் 25 விழுக்காட்டு இடங்களுக்கு உரிய சான்றுகளோடு விண்ணப்பித்தால், மத்திய அரசு அதிகாரியின் பிள்ளையோடு போட்டியிட வேண்டிய நிலையே இராது. ஆகவே, அலிப்பூரில் வாழும் எளிய குடும்பத்தார் படிவத்தை நிரப்பும்போது இந்தப் பகுதியை மறவாது குறித்தல் வேண்டும்.

வயது எவ்வளவு?

சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று குழந்தைக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டு வயது நிறைந்திருத்தல் ஆகாது. ஏப்ரல் 1 அன்று பிறந்த குழந்தையையும் ஏற்றுக்கொள்வர். முன்னர் ஐந்து வயதே போதுமென்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2022-23 முதல் ஆறு என்று ஆயிற்று. உடற்குறை உடைய குழந்தைகளுக்கு வயது வரம்பில் இரண்டாண்டு தளர்வு உண்டு. மூன்று வயது முதல் குழந்தைகளைச் சேர்க்கும் "பால்வாடிகா" வகுப்புகள் சில பள்ளிகளில் மட்டுமே உள்ளன.

குழந்தைக்குத் தேர்வு உண்டா?

இல்லை. எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. முதன்முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்து மீறினால் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்வோருக்கு மட்டும் தேர்வு உண்டு. ஆகவே, ஆறு வயதுக் குழந்தைக்கு "நேர்முகப் பயிற்சி" என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால், அப்பணத்துக்குக் குழந்தைக்கு நல்ல செருப்பும் புத்தகப் பையும் வாங்கித் தருதல் மேல்.

சிபாரிசு செய்தால் இடம் கிடைக்குமா?

ஒரு காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் பத்துக் குழந்தைகளைப் பரிந்துரைக்கும் உரிமை பெற்றிருந்தனர். 2022ஆம் ஆண்டில் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டது. அப்பழைய நினைவில் இன்றும் சிலர், "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று நம்மவரை நாடி வருவதுண்டு.

இத்தகைய தரகரின் கணக்கை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அவர் பத்துப் பெற்றோரிடம் பணம் பெறுகிறார். யாருக்காகவும் அவர் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை. குலுக்கல் தானே நடைபெறுகிறது. பத்தில் இருவருக்கு இடம் கிடைத்தால், அந்த இருவரின் பணத்தை வைத்துக்கொண்டு, மற்ற எண்மருக்கும் "நாணயமாக"த் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இடம் பெற்ற இருவரும் அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகின்றனர். பெறாத எண்மரோ, "நல்ல மனிதர், பணத்தைத் திருப்பித் தந்தாரே" என்று புகழ்கின்றனர். மறு ஆண்டு அவரிடம் இருபது பேர் செல்கின்றனர். அந்த இருவருக்கும் அந்த இடம் ஒரு காசும் செலவின்றியே கிடைத்திருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்களில் இந்தப் பணம் பெரும்பாலும் தாலிச் சங்கிலியை அடகு வைத்துத் திரட்டப்படுகிறது என்பதே வருத்தத்துக்குரியது. விண்ணப்பப் பதிவுக்குக் கட்டணமே இல்லை.

எவ்வாறு, எப்போது விண்ணப்பிப்பது?

முதல் வகுப்புக்கு இணைய வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024ஆம் ஆண்டில் ஏப்ரல் 1 முதல் 15 வரை பதிவு நடைபெற்றது. 2025ஆம் ஆண்டிலோ மார்ச் 7 முதல் 21 வரை. சென்ற ஆண்டின் நாளை நம்பி இருப்பவர் ஏமாந்துபோவர். பொங்கல் கழிந்ததும் சங்கதனின் இணையதளத்தை வாரந்தோறும் பார்த்துவருதல் நன்று. கைப்பேசியில் பழக்கமில்லாத அன்பர்கள், கல்லூரியில் படிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளையின் உதவியை நாடலாம்.

ஒரு குழந்தைக்கு மூன்று பள்ளிகள் வரை குறிக்கலாம். ஒரே பள்ளிக்குப் பல முறை பதிவு செய்தால் வாய்ப்புப் பெருகும் என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு, கடைசியாகச் செய்த பதிவு ஒன்றையே கணக்கில் கொள்வர். பொய்யான செய்தி தந்து பெற்ற இடம் பின்னர் நீக்கப்படும்.

எந்தெந்தச் சான்றுகள் வேண்டும்?

இடம் நழுவிப்போவது பெரும்பாலும் இங்கேதான். குலுக்கலில் பெயர் வந்த பின்னரும், குறித்த நாளுக்குள் சான்று காட்ட இயலாமல் இடத்தை இழக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே பின்வருவனவற்றை மார்கழிக்குள்ளாகவே சித்தம் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பிறப்புச் சான்று. ஊரில் பிறந்த குழந்தைகள் பலருடைய சான்றில் பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும். குழந்தையின் பெயர் இராது. பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிடுவதே இதற்குக் காரணம். பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்குப் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தையே நாட வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த குழந்தைக்குக் கல்கத்தாவில் அது நடவாது. தீபாவளிக்கு ஊர் செல்லும்போதே முடித்துவிடுதல் அறிவுடைமை.

இரண்டாவது, பெயர். வங்காளத்தில் எந்த அலுவலகத்திலும் "டைட்டில் என்ன?" என்று கேட்பர். நமக்கோ தந்தையார் பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒரு தாளில் முதலெழுத்து முன்னால், மற்றொன்றில் பின்னால், ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், வாடகைச் சீட்டில் வேறொரு பெயர் என்று இருந்தால், தாள்களைச் சரிபார்ப்பவருக்கு இவை யாவும் ஒரே குழந்தைக்கு உரியனவா என்ற ஐயம் எழும். குழந்தையின் பெயரை எவ்வாறு எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து, எல்லாத் தாள்களிலும் அவ்வாறே இருக்கச் செய்க.

மூன்றாவது, வசிப்பிடச் சான்று. அண்மையில் வசிப்போருக்கே 25 விழுக்காடு உரியதாதலால் இது இன்றியமையாதது. வீட்டுக்காரரிடம் வாடகை ஒப்பந்தம் எழுதிப் பெறாமல் பல்லாண்டு வாழ்ந்துவரும் அன்பர்கள் உடனே அதற்கு முயல வேண்டும்.

நான்காவது, சாதி அல்லது வருமானச் சான்று. குழந்தையின் பெயரில் சாதிச் சான்று இல்லையெனில், தாய் அல்லது தந்தையின் சான்றை முதலில் ஏற்பர். சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் குழந்தையின் சான்றைக் கொடுத்துவிட வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கு இச்சான்று பெறுவது ஒரு வாரத்தில் முடியும் செயலன்று. தந்தையார் தமிழகத்தில் பெற்ற பழைய சான்றை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்க.

ஐந்தாவது, உத்தியோகத்தில் உள்ளோர் தம் அலுவலகத்திலிருந்து பெற வேண்டிய பணிச்சான்று. மாற்றல்களின் விவரம் அதில் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. 2013ஆம் ஆண்டில் வகுத்த விகிதப்படி, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மாதம் 200 ரூபாய். மேல்நிலை வகுப்புகளில் கலை, வணிகப் பிரிவுகளுக்கு 300, அறிவியலுக்கு 400. பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணம் அறவே இல்லை. இதனைத் தவிர வித்யாலய வளர்ச்சி நிதி என்று மாதம் 500 ரூபாய் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துச் செலுத்த வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் வழிச் சேர்ந்த குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு முடியும்வரை இக்கட்டணங்கள் இல்லை. பாடநூல், சீருடை ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் நிலைமை மாறக்கூடும் என்பதைக் கருதி, அப்பெற்றோர் சிறுகச் சிறுகச் சேமித்து வருதல் நலம்.

குலுக்கலில் பெயர் வராவிடில்?

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் பெயர் இல்லாத அன்று, "உனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்றோ, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை" என்றோ குழந்தையின் காதுபடப் பேசுகின்றனர். குலுக்கல் எவருடைய அறிவையும் அளப்பதன்று. அதில் தோற்றவரும் இல்லை, வென்றவரும் இல்லை. ஆறு வயதில் காதில் விழுந்த சொல் நெடுநாள் நெஞ்சில் தங்கும்.

மேலும், கதவு அத்துடன் அடைபட்டுவிடுவதில்லை. சேர்ந்தவர் சிலர் வராமையால் ஏற்படும் காலியிடங்களுக்கு அடுத்த பட்டியல்கள் வெளிவரும். இரண்டாம் வகுப்பு முதல், காலியிடம் இருப்பின், பள்ளியிலேயே நேரில் விண்ணப்பிக்கலாம். அங்கும் முன்னுரிமை வரிசை உண்டு, தேர்வு இல்லை. மாற்றலாகி வரும் அன்பர், முன்னர் படித்த கேந்திரிய வித்யாலயத்தின் மாற்றுச் சான்றிதழோடு வந்தால் பிள்ளையின் படிப்புத் தடைப்படாது. இதற்கிடையே வேறு நல்ல பள்ளியில் குழந்தையைச் சேர்த்துவிடுவதே முறை. காத்திருந்து ஓராண்டைக் கழிப்பது கூடாது.

சேர்ந்த பின்னர் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதன்படி ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வில் தவறிய பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இருத்தப்படும். எட்டாம் வகுப்பு வரை பள்ளியை விட்டு நீக்குதல் ஆகாது.

தமிழ் என்னாகும்?

தாய்மார் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்கும் வினா இது. பயிற்று மொழிகள் ஆங்கிலமும் இந்தியும். ஆறாம் வகுப்பில் சமஸ்கிருதம் சேரும். போதிய எண்ணிக்கையில் மாணவர் விரும்பினால் தாய்மொழியைக் கற்பிக்க ஏற்பாடு செய்ய விதியில் வழி உண்டு. ஆனால் கல்கத்தாவில் ஒரே பள்ளியில் அத்தனை தமிழ்ப் பிள்ளைகள் ஒருங்கே சேர்வது அரிது. ஆகவே, பள்ளி தமிழைக் கற்பிக்கும் என்று எதிர்பார்த்திருத்தல் வீண். அப்பணி வீட்டினுடையது, அடுத்துச் சங்கத்தினுடையது.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஊரில் உள்ள பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் பிள்ளையின் கையால் எழுதச் செய்யுங்கள். பாட்டியின் மறுமொழியை அவனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அலிப்பூர் பெல்வடேரில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. தமிழகத்துக்கு வெளியே வாழும் குழந்தைகளுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் அடிப்படை நிலையிலிருந்து பாடங்கள் அமைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் மத்திய வாரியம் நடத்தும் பாடங்களுள் தமிழும் ஒன்று என்பதையும் நினைவிற் கொள்க.

முடிவாக, செய்ய வேண்டியன சிலவே. தரகருக்குக் காசு கொடாதீர். சான்றுகளை மார்கழிக்குள் சேர்த்து, ஒரே உறையில் இட்டு வையுங்கள். பதிவு தொடங்கும் நாளை நோக்கியிருந்து, முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். உங்கள் தெருவில், அரசு உத்தியோகம் இல்லாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருக்குமாயின், 25 விழுக்காட்டு இடங்களைப் பற்றி அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் இந்த இதழை வாங்குவோராய் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டிலும் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும்.